முன்பக்கக் கொடி

"ஒண்ணுதாம்மா என்னோடது. இது அண்ணியோடது."

சின்னவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் தன்னுடையதை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். அவன் அம்மாவின் கையில் மிச்சமிருந்த கறுப்பு ஷார்ட்ஸ், சுட்டுவிட்டதைப் போல நாற்காலியில் விழுந்தது. ஒரு நிமிடம் முன்புவரை அதை மடியில் வைத்துச் சுருக்கம் நீவி மடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"இங்க வா" என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

மருமகள் அப்போதுதான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ஊசி ஆன்ட்டி. ஊசியைக் கண்டு அலறுகிற ஆறடி ஆம்பளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைப்பவள், இந்தக் கூடத்தில் இந்தக் குரலைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போவாள்.

"இதை முன்பக்கக் கொடியில யாரு போட்டது?"

"நீங்கதான் அத்தை."

"நானா?"

"நான் வாளியில ஊற வெச்சிருந்தேன். விடிகாலை டூட்டி, அலச நேரமில்ல. நீங்க சின்னவனோடதுன்னு நெனச்சு மெஷின்ல போட்டிருப்பீங்க."

மாமியார் பால்கனிப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். காரணம் முன்பக்கக் கொடி.

அந்த வீட்டின் பால்கனி தெருவைப் பார்த்திருந்தது. நல்ல வெயில் விழும் இடம். அங்கே கட்டியிருந்த கொடியில் ஆண்களின் சட்டை, பேன்ட், படுக்கை விரிப்பு, சின்னவனின் சைக்கிள் ஷார்ட்ஸ் எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சின்னவனின் ஷார்ட்ஸை அவன் அம்மாவே நடுநாயகமாக, ரெண்டு கிளிப் போட்டு மாட்டுவாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு பெருமை. பெண்கள் உடுத்துவதில் ஒட்டிப் பிடிக்கிற எதுவும் அங்கே வரக்கூடாது. அதெல்லாம் குளியலறைக் கதவுக்குப் பின்னால், அதுவும் ஒரு டவலுக்கு அடியில். எப்போது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஊசி ஆன்ட்டி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. கூட வேலை பார்க்கிற இரண்டு பெண்களோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை வரை போய் வருவாள். எந்தப் போட்டியும் கிடையாது, உடம்பு இளைக்க வேண்டும் என்ற வேண்டுதலும் கிடையாது. பிடித்திருந்தது, போனாள். வாரம் முழுக்க அடுத்தவர் நரம்பைத் தேடித் தேடிக் குனிந்தே கிடந்த கழுத்து, அந்த ஒரு காலையில் நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கும். வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லிப் புரியவைக்க அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தனக்குப் பிடித்ததைச் செய்ய எதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் புரிந்ததில்லை.

முதலில் தொளதொளவென்ற பேன்ட்டில்தான் ஓட்டினாள். ஒரு நாள் அதன் கால் செயினில் மாட்டிச் சுற்றிக்கொண்டது. நடுரோட்டில் விழுந்து முழங்கை தேய்ந்துபோனது. அதற்குப் பிறகுதான் கணவனும் அவளும் சைக்கிள் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் அவள் கேட்டதற்கெல்லாம் கணவனைப் பார்த்தே பதில் சொன்னார்.

"உள்ள பேட் வெச்ச ஷார்ட்ஸ் வேணும்" என்றாள் அவள்.

"சார், மேடத்துக்கு எதுக்கு சார் பேட்? சும்மா ரவுண்டு அடிக்கத்தானே?"

"மணிக்கணக்கா ஓட்டுறேன். சீட்டு அழுத்துது."

"அப்படியா சார்?" என்று கணவனிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அழுத்துவது கணவனுக்கா அவளுக்கா என்பது கணவனிடம் கேட்டால்தானே தெரியும்!

ஒரு சுவர் முழுக்க ஆண்களுக்கானது. பெண்களுக்கு என்று கேட்டபோது கீழ்த்தட்டைக் காட்டினார். அதில் ரோஸ் நிறக் கையுறை, ரோஸ் நிற மணி, பூப்போட்ட கூடை இருந்தன. ஷார்ட்ஸ் என்று ஒன்றுகூட இல்லை.

"ஜென்ட்ஸ்லயே சின்ன சைஸ் எடுத்துக்கலாம் சார். எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லீங்க" என்றாள் அவள். ஆஸ்பத்திரியில் பேசும் குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது. "பொம்பளைங்களுக்கு இடுப்பெலும்பு அகலம். பேட் வேற இடத்துல வரணும். உள்ள இருக்கும், தேடிப் பாருங்க."

தேடினார். கிடங்கின் மூலையில் ஒன்றே ஒன்று கிடந்தது. கறுப்பு. தொடையில் சின்ன வெள்ளைக் கோடு. சின்னவன் வாங்கிய அதே கம்பெனி, வெளியே பார்த்தால் அதே மாதிரி, உள்ளே மட்டும் பெண்ணுக்கான தையல். போட்டுப் பார்க்கிற அறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததால் பேன்ட்டின் மேலேயே வைத்து அளந்து பார்த்தாள். சரியாக இருக்கும் என்று பட்டது.

"ரொம்பப் பிடிக்கிற மாதிரி இருக்கே. ஒரு சைஸ் லூசா எடு" என்றான் கணவன்.

"லூசா இருந்தா உராயும். புண்ணாயிடும்."

அவன் கெட்டவன் இல்லை. வேலைக்குப் போகிற மனைவியைப் பற்றி ஆபீசில் பெருமையாகப் பேசுகிறவன்தான். அவளுக்கு அந்தச் சைக்கிளை வாங்கித் தந்ததும் அவன்தான். ஆனால் பெருமைக்கும் ஒரு எல்லை வேண்டும் என்று நினைத்தான். அந்த எல்லை முட்டிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"சரி, வாங்கிக்க. ஆனா மேல ஒரு பேன்ட் போட்டுக்கணும். துவைச்சா வெளிய காயப்போடக் கூடாது. அம்மா ஏதாவது சொன்னா நான் நடுவுல வரமாட்டேன்."

மேலே பேன்ட் போட்டு விழுந்ததால்தானே கடைக்கே வந்தோம் என்று கேட்க வாயெடுத்தாள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றாள். இந்தச் சரிகளையெல்லாம் சேர்த்து வைத்தால் ஒரு வீடே கட்டலாம். கட்டித்தான் இருக்கிறார்கள், அதற்குள்தான் குடியிருக்கிறோம்.

அந்தப் பேட் தடிமனான பஞ்சு. குளியலறைக் கதவுக்குப் பின்னால், டவலுக்கு அடியில், அது காய்ந்ததே இல்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதையே போட்டு ஓட்டினாள். கொஞ்ச நாளில் தொடையிடுக்கில் கொப்புளம் கிளம்பிற்று. நடக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "ஈரத்தோட போட்டா இப்படித்தான். வெயில்ல காய வைங்க, சரியாயிடும்."

அதை வீட்டில் வந்து சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் காலை அகட்டி நடப்பது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"நான் அப்பவே சொன்னேன். பொம்பளை உடம்புக்கு சைக்கிள் ஒத்துக்காது" என்றாள் மாமியார்.

"பேசாம வித்துடலாம்" என்றான் கணவன். ஆபீசில் ஒருவர் மகனுக்கு சைக்கிள் தேடுகிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

புண் ஆறிவிட்டிருந்தது. வண்டி கைவிட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது ஏரிக்கரைக்குப் போய்விட வேண்டும் என்றுதான் அந்த ஷார்ட்ஸை வாளியில் ஊறப்போட்டாள். அதைத்தான் மாமியார் மகன் புதிதாக வாங்கிய இன்னொன்று என்று நினைத்து எடுத்து, நடுநாயகமாக, ரெண்டு கிளிப் போட்டு மாட்டியிருந்தாள்.

"தெருவே பார்த்திருக்கும்" என்று மாமியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "என் மானமே போச்சு."

"காலைல இருந்து அங்கதான் அத்தை தொங்குச்சு. தெரு அதுபாட்டுக்குத்தானே இருந்துச்சு?"

உண்மையில் தெரு அதைப் பாராட்டவே செய்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் பேப்பர் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் அன்று காலை குரல் கொடுத்திருந்தார்: "என்னம்மா, சின்னவனுக்கு இப்ப ரெண்டு ஜோடியா? பெரிய ஆளா வருவான் போல!" மாமியாரும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்திருந்தாள். இப்போது அது ஞாபகம் வந்து, அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

நாற்காலியில் கிடந்ததை மருமகள் எடுத்தாள். பால்கனிக்குப் போய், எங்கிருந்து இறங்கியதோ அங்கேயே மாட்டினாள். ரெண்டு கிளிப்பும் போட்டாள்.

மாமியார் அதைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து இருப்பதிலேயே பெரிய டவலை எடுத்துவந்து அதன்மேல் விரித்துவிட்டாள்.

சண்டை அதோடு முடிந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் மருமகள் தன்னுடையதை எடுத்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே மொட்டைமாடியில், டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குப் பக்கத்தில், அது மொறுமொறுவென்று காய்ந்தது. கோட்டுகள் எதுவும் முகம் சுளிக்கவில்லை.

இங்கே வீட்டில் வேறொன்று நடந்தது. கொடியில் ஒரு கறுப்பு ஷார்ட்ஸ் தொங்கும். அது மகனுடையதா மருமகளுடையதா என்று மாமியாருக்கு அடையாளம் தெரியாது. கேட்கவும் கூச்சம். எதற்கு வம்பு என்று டவலை விரித்துவிடுவாள். தினமும் விரித்தாள். சின்னவன் விடிகாலையில் அரைத்தூக்கத்தில் வந்து, டவலுக்கு அடியிலிருந்து உருவி, மாட்டிக்கொண்டு ஓட்டப் போய்விடுவான். இருந்ததே ஒன்றுதான்; சாயங்காலம் அவனே துவைத்து மாட்டுவான், மறுபடி அதே கொடி, அதே டவல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவன் காலை அகட்டி அகட்டி நடந்து கூடத்துக்கு வந்தான். சோபாவின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, "அம்மா, எரியுதும்மா" என்றான்.

வீடு பதறிப்போனது. அண்ணன் பவுடர் தேடினான். அம்மா களிம்பு தேடினாள். ஷார்ட்ஸை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"உள்ள ஒரே ஈரம்டா! இப்படிப் போட்டா புண்ணாகாம என்ன ஆகும்? நல்ல வெயில்ல காயணும்டா இது!"

ஊசி ஆன்ட்டி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தைகள். சின்னவன் புண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. தன் புண்ணை அவள் இந்த வீட்டில் இப்படி ஒரு நாள்கூட உட்கார்ந்து சொன்னதில்லை.

"ஆம்பளை உடம்புக்கும் சைக்கிள் ஒத்துக்கலை போல இருக்கே அத்தை" என்றாள். "சின்னவனோட வண்டியையும் சேர்த்து வித்துடலாமா? வாங்குறவர் இப்ப வந்துருவாரே."

கணவன் பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

அவள் அறைக்குப் போனாள். ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டாள். மேலே பேன்ட் போடவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கணவன் படிவரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"வண்டிக்காரி வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க."

ஏரிக்கரையில் அன்று எதிர்க்காற்று. அவள் நிறுத்தவே இல்லை.

திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வந்தவர் சைக்கிளைப் பார்க்காமலே போய்விட்டாராம். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்தான். அவள் குளித்தாள், ஷார்ட்ஸை அலசிப் பிழிந்தாள், பால்கனிக்குப் போனாள். சின்னவனுடையது ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. டவல் இல்லை, மகனுக்குப் புண் என்றதும் மடிந்து அலமாரிக்குப் போய்விட்டிருந்தது. பக்கத்திலேயே தன்னுடையதை மாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

மாமியார் பார்த்தாள். மூடினால் மகனுடையது காயாது. மூடாவிட்டால் மருமகளுடையது தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் பால்கனியிலேயே நின்றாள்.

எதிர்வீட்டு வாத்தியார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ரெண்டும் சின்னவனோடதாம்மா? விடாம பயிற்சி எடுக்குறான் போல!"

மாமியார் மருமகளுடையதை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு, "ஆமாங்கய்யா, ரெண்டும் அவனோடதுதான்" என்றாள்.

கூடத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த மருமகளின் காதில் அது விழுந்தது. முழங்கை தேய விழுந்ததும், புண்ணோடு நின்றுகொண்டே வேலை பார்த்ததும், இன்று எதிர்க்காற்றில் மிதித்ததும் அந்த ஒரே வார்த்தையில் சின்னவன் கணக்கில் போய்ச் சேர்ந்தன. ஈரத்தலையோடு அவள் பால்கனிக்கு வந்தாள்.

"இல்லீங்கய்யா" என்றாள். ஆஸ்பத்திரிக் குரல், தெருமுனை வரை கேட்டிருக்கும். "அந்தப் பக்கம் இருக்குறது சின்னவனோடது. இந்தப் பக்கம் இருக்குறது என்னோடது. நானும் ஓட்டுறேன்."

வாத்தியார் அவசரமாகப் பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். மாமியார் விறுவிறுவென்று உள்ளே போய், அலமாரியைத் திறந்து, சாத்தினாள். கையில் டவல் இல்லாமல் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

வெளியே இரண்டு ஷார்ட்ஸும் ஒரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.