தட்டின் அடி தெரியக் கூடாது

நுனியைப் பிடித்துத் தூக்கியதும் அது இடுப்பொடிந்து தலைகீழாகத் தொங்கியது. ஓவனிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு. விரல் நீளம், ஆரஞ்சு நிறம், ஒரு முனையில் மட்டும் கருகல். மற்றபடி மழையில் ஊறிய செருப்பு வார்.

“சீ” என்றார் தராசு.

வாயில் போட்டுப் பார்த்தார். பல்லுக்கு வேலையே இல்லை. நாக்கு பட்டதும் கூழாகி மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. யாரோ மென்று வைத்ததைத் தான் விழுங்குவதுபோல் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் துப்பவில்லை. சமையலறைத் தொட்டியில் எச்சில் துப்புகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

தராசு என்பது கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர். முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். படிக்கல்லின் அடியைச் சுரண்டி எடை குறைத்தவனைக் கல்லைத் தொடாமல் முகத்தைப் பார்த்தே பிடித்தவர். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் அவருடைய முதுகு மட்டும் இன்னும் பணியில்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், போன மாதம் தங்கை வீட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

தங்கையின் கணவர் பல் டாக்டர். அன்று அவர் வீட்டில் இதே கிழங்கை எண்ணெயில் முக்கிப் பொரித்து வைத்திருந்தார்கள். தராசு ஒரு துண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். காகிதம் கண்ணாடி ஆகிவிட்டது. அந்தப் பக்கம் இருந்த மேஜை விரிப்பின் கோடுகள்கூடத் தெரிந்தன. பல் டாக்டரோ அதை விழுங்கிவிட்டு ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டுச் சப்தத்தோடு உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஊர்ப் பல்லையெல்லாம் பார்த்த மனிதர் வாயை மூடி மெல்லக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த அருவருப்பில்தான் தராசுக்கு நாக்கு நழுவியது.

“எங்க வீட்ல இதெல்லாம் எண்ணெயில போடுறதில்ல, மாப்பிள்ளை. ஓவன்லதான். ரெண்டு ஸ்பூன் எண்ணெய். எடுத்தா மொறுமொறுன்னு ஒடியும்.”

“ஓவன்லயா? மொறுமொறுன்னா? மச்சான், எடையைப் பத்திப் பேசுங்க நம்புறேன், இதை நம்ப மாட்டேன்.”

“வந்து பாருங்க.”

“வரேன். ஒடியலைன்னா ‘நான் சொன்னது பொய்’னு உங்க வாயால, உங்க தங்கச்சி முன்னாடி சொல்லணும். சரியா?”

“சரி” என்று சொல்லிவிட்டார். தராசுக்கு நெஞ்சு வலி வந்ததிலிருந்து வீட்டில் ஓவன் கிழங்குதான். உண்மையில் அது ஒருநாளும் ஒடிந்ததில்லை. இந்த வாரம் மட்டும், இப்போது எடுத்ததோடு சேர்த்து, மூன்று தட்டம் கிழங்கு வெந்து வெளியே வந்தாயிற்று. மூன்றும் தொங்கின. இன்று ஞாயிறு. நாலு மணிக்கு விருந்தாளிகள். இப்போது மணி இரண்டே கால்.

மகன் வெளியே போயிருந்தவன் ஒரு பையோடு வந்தான். மேஜையில் வைத்ததும் பையின் அடியில் எண்ணெய் வட்டம் கட்டியது. பல நாள் காய்ந்த எண்ணெயின் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

“என்னடா இது?”

“கிழங்கு வறுவல்ப்பா. முக்குக் கடையில வாங்கினேன். டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு அஞ்சு நிமிஷம் ஓவன்ல வச்சா நம்ம வீட்டுதுன்னு ஆயிடும். யாருக்குத் தெரியப்போகுது?”

தராசு மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“படிக்கல்லைச் சுரண்டினவனும் என்கிட்ட இதையேதான்டா சொன்னான், யாருக்குத் தெரியப்போகுதுன்னு. அவனுக்குப் போனது ஒரு கடைதான். உன்னால ஒரு குடும்பத்துப் பேரே போகும். எடு அதை என் கண்ணு முன்னாடியிருந்து.”

“உங்க மானத்துக்காகத்தான்ப்பா வாங்கினேன்.”

“என் மானத்தைப் பொட்டலம் கட்டி விக்கிறானா முக்குக் கடைக்காரன்? தூக்கு!”

மகன் பையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியின் கீழே வைத்தான். கொட்டவில்லை. தராசு அதையும் கவனித்தார்.

மருமகள் வேலையில் இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கை எப்போதும் அளவோடுதான் அசையும். தோல் சீவி, ஒரே கனத்தில் நறுக்கி, ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்த கிழங்கைத் துவாலையில் பரப்பி ஒற்றினாள். சோள மாவைத் தூவிக் குலுக்கினாள். பிறகு இரண்டு ஸ்பூன் எண்ணெய். உப்பைத் தொடவில்லை. முதலில் போட்டால் தண்ணீர் விடும் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். காகிதம் விரித்த தட்டத்தில் துண்டுகளை ஒன்றுக்கொன்று தொடாமல் வரிசையாக வைத்தாள். பதினெட்டு துண்டுகள்.

தராசு வந்து எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, காலி மனை மாதிரி?”

“மாமா, அது...”

“விருந்தாளிக்கு வைக்கிற தட்டு இப்படியா இருக்கும்?”

அந்தக் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. தராசின் அப்பா போட்டது. வெளி ஆளுக்கு வைக்கிற தட்டின் அடி தெரியக் கூடாது. அடி தெரிந்தால் வீட்டின் வறுமை தெரிந்ததாக அர்த்தம். தண்ணீரைத் தவிர எல்லாமே அந்த வீட்டில் குவியலாகத்தான் வைக்கப்பட்டது. அடுப்பில் இருந்தாலும் மேஜையில் இருந்தாலும் தராசுக்குத் தட்டு தட்டுதான். கிண்ணத்தில் மீதியிருந்த துண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி இடைவெளிகளில் செருகினார். மேலேயும் ஒரு அடுக்கு போட்டார். காகிதம் மறைந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

“இப்பப் பாரு. வீடு மாதிரி இருக்கு.”

மருமகள் ஓவன் கதவைச் சாத்தினாள். பிறகு இன்னொரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்த மீதிக் கிழங்கை வேறொரு துவாலையில் பரப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினாள். ஏன் என்று தராசு கேட்கவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓவன் மணி அடித்தது. கதவைத் திறந்ததும் குளியலறைக் கதவைத் திறந்ததுபோல் ஆவி வந்து தராசின் மூக்குக் கண்ணாடியை மூடியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஈரத்தில் மினுமினுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கொத்தாகக் கிடந்தது. நாலாவது முறை. ஒன்றைத் தூக்கினார். மூன்று சேர்ந்து வந்து, மூன்றும் தொங்கின.

வாசல் மணியும் அடித்தது.

“அப்பா” என்றான் மகன், குரலைத் தாழ்த்தி. “அஞ்சு நிமிஷம். அந்தப் பையை எடுக்கட்டுமா?”

தராசு குனிந்து பார்த்தார். அலமாரியின் கீழே பை கசிந்து தரையில் ஒரு பொட்டு எண்ணெய் விழுந்திருந்தது. அதைத் தங்கைக்குத் தன் கையால் பரிமாறுவதை நினைத்தார். பல் டாக்டர் முன்னால் “பொய் சொன்னேன்” என்று நிற்பதை நினைத்தார். இரண்டும் ஒரே எடையாகத்தான் இருந்தன.

“மாமா” என்றாள் மருமகள். “கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒவ்வொரு தடவையும் அடைக்கிறதாலதான் தொங்குது.”

“என்னது?”

“எங்க லேப்ல கண்ணாடிக் குழாயைக் காய வைக்கும்போதும் இடம் விட்டுத்தான் அடுக்குவோம். நெருக்கினா ஈரம் வெளிய போகாது, ஒண்ணோட ஆவி இன்னொண்ணு மேல இறங்கும். கிழங்கும் அப்படித்தான். மூச்சு விட இடம் வேணும். பாதியை நான் காய வச்சிருக்கேன். இருபத்தஞ்சு நிமிஷம் குடுங்க. ஆனா பதினெட்டுதான் வைப்பேன். தட்டுல அடி தெரியும்.”

மணி மறுபடி அடித்தது.

தராசு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “வை” என்றார். அவள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கூடத்துக்குப் போனார்.

பல் டாக்டர் உட்காரும் முன்பே மேஜையைப் பார்த்தார். மேஜையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

“என்ன மச்சான், இனிமேதான் கிழங்குக் கொடி நடப் போறீங்களா?”

“சூடா வரும், மாப்பிள்ளை.”

“வாய்தா வாங்குறாரு பாரு உன் அண்ணன்” என்று மனைவியின் முழங்கையை இடித்தார். தங்கை சிரிக்கவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நிமிடமும் பல் டாக்டர் சுண்டு விரல் நகத்தால் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததைப் பார்த்தார். பார்த்ததைக் கால்சட்டையில் துடைத்தார். தராசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

உள்ளே அவள் நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டாள். கடைசியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டாள். பிறகுதான் உப்பு தூவினாள்.

தட்டு வந்தது. பெரிய வெள்ளைத் தட்டு. நடுவில் ஒரு நீலப் பூ உண்டு. விருந்தாளி முன்னால் அந்தப் பூ தலை காட்டியதே இல்லை. இன்று இதழ் இதழாகத் தெரிந்தது. தராசுக்குத் தன் வேட்டி அவிழ்ந்து கிடப்பதுபோல் கூசியது.

பல் டாக்டர் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் மடக்கினார். சட்டென்று ஒடிந்தது. கூடம் முழுக்கக் கேட்டது. வாயில் போட்டார். மறுபடி சத்தம். அவர் வாயைத் திறந்து மெல்வது அன்றைக்கு முதல் முறையாகத் தராசுக்கு உபயோகப்பட்டது.

“பரவாயில்லையே” என்றார். ஐந்தாவதை எடுக்கும்போது பூவைப் பார்த்தார். “ஆனா இவ்வளவுதானா மச்சான்? எண்ணி வச்சிருக்கீங்க? வீட்ல கஷ்டமா?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அந்த அப்பாவின் மகள்தான்.

“ஒரு தட்டத்துல இவ்வளவுதான் மொறுகும், மாப்பிள்ளை. இன்னும் வேணும்னா இன்னொரு இருபத்தஞ்சு நிமிஷம் உட்காரணும்.”

“உட்காருறேன், என்ன அவசரம்? பந்தயத்துல நீங்க ஜெயிச்சுட்டீங்க, ஒத்துக்கிறேன்.”

“எப்பலேர்ந்து அண்ணே இப்படிச் செய்றீங்க?” என்று தங்கை கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். ரொம்ப நாளாக என்று முனகியிருக்கலாம். மகன் கதவோரம் நின்று கண்ணைக் காட்டினான். தராசுக்கு அந்தக் கண் ஜாடை கடைப் பையைவிட நாறியது.

“இன்னிலேர்ந்து” என்றார். “அன்னிக்கு உங்க வீட்ல நான் சொன்னது பொய். அதுவரைக்கும் எங்க வீட்ல ஒரு துண்டுகூட ஒடிஞ்சதில்ல. இது மருமக செஞ்சது. நான் கெடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பல் டாக்டர் ஒரு நொடி வாயைத் திறந்தபடி இருந்தார். மென்றது அத்தனையும் உள்ளே தெரிந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கிழங்குத் தூள் தெறித்து நீலப் பூவின் மேல் விழுந்தது. புரையேறியது. தங்கை முதுகில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. தராசு நிமிர்ந்து உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தட்டம் கூடுதலாக முடித்து, விரல் பத்தையும் உறிஞ்சிவிட்டு, பல் டாக்டர் மனைவியோடு கிளம்பிப் போனார். தராசு சமையலறைக்கு வந்தார். நாலு மணிக்கு வெளியே வந்த குவியல் ஆறி, வியர்த்து, மேடையில் அப்படியே கிடந்தது.

“கொட்டிடட்டுமா மாமா?”

“வேண்டாம்மா. அடைச்சது நான். நீ போய் உட்காரு.”

ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதுகு நிமிர உட்கார்ந்தார். ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தார். சளிபோல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். மகன் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தான்.

“நீ எங்கடா போற? அலமாரிக்குக் கீழ உன் பை இருக்கு. எடுத்துட்டு வந்து உட்காரு.”

மகன் எடுத்துவந்தான். எண்ணெய் ஆறிப் பிசுக்காகப் படிந்திருந்தது. இரண்டு வாய் தின்றதும் அவன் முகம் கோணியது.

“அப்பா, தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

“எனக்கும்தான்” என்றார் தராசு. “தின்னு.”