பறவை போகும் வரை

அவன் லைட்டை அணைத்தான். மாமா மறுபடி போட்டார்.

"மாப்ள, ரிட்டயர் ஆகற வரைக்கும் போஸ்ட் போஸ்ட்டா ஏறி ஊருக்கு வெளிச்சம் குடுத்தவன் நான். என் பொண்ணு இருட்டுல கெடக்கணுமா?"

"அப்பா." கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது. "ஊருக்கே... பவர் கட் பண்ணவர்தானே நீங்க. எனக்கும் கொஞ்ச நேரம்... கட் பண்ணுங்க."

மாமா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியதிலிருந்து, சுவிட்சுக்குக் கீழே கிடந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்ததே அபூர்வம். மகளின் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவளோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே கால்வாய், தண்ணீருக்கு மேல் நீண்ட ஒரு பட்ட கிளை. அந்தி மங்கும்போது வக்கா ஒன்று, இராக்கொக்கு, அதில் வந்து உட்காரும். சற்று நேரம் யோசிக்கும். பிறகு இரை தேடப் போய்விடும். இன்று மதியம், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவள் கேமராவைக் கேட்டாள்.

மாமா அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகினார். "மூஞ்சியயாவது பாத்துக்கிட்டு இருக்கலாம்னா, அதுவும் கூடாதுங்கறா."

"லைட் எரிஞ்சா அது நம்மளப் பாத்துரும் மாமா. நம்மால அதப் பாக்க முடியாது."

"அது போனதும் போட்டுக்கலாமா?"

"போனதும் போட்டுக்கலாம்."

மாமா அணைத்தார். ஆக்சிஜன் மெஷினில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் மிச்சமிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார். பல்லால் ஒரு துண்டு கடித்து அதன்மேல் ஒட்டினார்.

"இப்பச் சரியா கண்ணு?"

"சூப்பர்ப்பா."

அவன் தரையில், கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். வலது தோளில் டவலை மடித்துப் போட்டு லென்ஸை அதன்மேல் வைத்தான். கேமராவின் பின்புறம் தலையணையில், அவள் கண்ணருகே இருந்தது. கையைப் பின்னால் நீட்டி, அவள் விரலைப் பட்டனில் பொருத்தினான்.

ஏரிக்கரைகளில் எத்தனை மாலைகள் இப்படி நின்றிருக்கிறான். வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். தோள் கொடுப்பவன் மூச்சு விட்டால்கூடப் படம் கலங்கும். அவள் தானும் மூச்சை அடக்கிக்கொள்வாள். எடுத்து முடித்ததும் அவன் பிடரியில் இரண்டு தட்டு. அதன் பிறகு இருவரும் மூச்சு விடலாம். கேமரா ஸ்டாண்ட் ஒன்று வாங்கேன் என்றால், "மூணு கால் எதுக்கு? ரெண்டு கால் ஸ்டாண்டு ஒண்ணத்தான் கட்டிக்கிட்டேனே" என்பாள். அவள் போனில் அவன் பெயரே அதுதான்.

"ஸ்டாண்டு."

"ம்."

"தோள்... எலும்பா இருக்கு. ஒழுங்காச் சாப்பிடு."

"நீ ஃபோகஸ் பண்ணு."

வானம் சாம்பலாகியது. மாமா இருமல் வந்ததை விழுங்கினார்.

பறவை வந்த சத்தம் கேட்கவில்லை. காலியாக இருந்த கிளையில் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு ஓர் உருவம் இருந்தது. பக்கவாட்டில் இரண்டடி வைத்து நின்றது.

"மூச்சு," என்றாள்.

அவன் அடக்கினான்.

ஷட்டர் திறந்தது. நீண்ட இடைவெளி. மூடியது.

அவன் தட்டுக்காகக் காத்திருந்தான். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் பிடரியில் பட்டுக்கொண்டிருந்த அவள் மூச்சு இப்போது படவில்லை. இன்னொன்று எடுக்கப் போகிறாள், அடக்கியிருப்பாள் என்று நினைத்தான். அவள் கை தலையணையிலிருந்து சரிந்து அவன் காதைத் தொட்டது. அங்கேயே நின்றது. தட்டவில்லை. தோளில் கேமரா கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது.

அவன் திரும்பவில்லை.

வக்கா கழுத்தை நீட்டியது. ஒருமுறை கரகரத்தது. தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து போனது. கிளை ஆடி அடங்கியது.

"எடுத்துட்டாளா மாப்ள?" மாமா கிசுகிசுத்தார். அவர் இருந்த இடத்திலிருந்து கிளை தெரியாது.

"எடுத்துட்டா மாமா."

"நல்லா வந்திருக்கும்ல?"

"ம்."

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு கை சுவரில் சுவிட்சைத் தடவுவது கேட்டது.

"போயிடுச்சா? லைட் போடட்டுமா?"

அவன் தோள் அசையாமல், மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.

"இன்னும் போகல மாமா. கொஞ்சம் இருங்க."

சுவரைத் தடவிய கை நின்றது.

"சரி, சரி. இருக்கட்டும்," என்றார் மாமா, பறவைக்குக் கேட்காத குரலில்.