லட்சுமணன் பங்குச் சோறு

என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால் வந்த வினைதான் இது. பாலாநகர்த் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையை ஆறு வருடம் நான்தான் படியெடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி. பழுப்பு அட்டை போட்டு, உள்ளே வீடுகளின் பட்டியலை ஒட்டிச் சுற்றுக்கு விடுவோம். ஒரு வீட்டில் இரண்டு நாள் இருக்கும், பிறகு அடுத்த வீடு. படித்தவர்கள் கருத்து எழுதக் கடைசியில் வெற்றுத்தாள்கள் உண்டு. சற்றுத் தள்ளித் திருமுல்கேரியில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்களுக்கும் அது போகும்.

ஆசிரியர் அனந்தராமன், அக்கவுண்ட்ஸ் ஆபீசர். ஞாயிறுதோறும் ஆபிட்ஸ் கடைத்தெரு நடைபாதையில் பழைய ஆங்கிலப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். 1974 பொங்கல் கழிந்து ஒரு நாள், ஜெர்மன் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் எழுதிய புத்தகங்களைப் பற்றிச் சங்கத்தில் ஒரு மணி நேரம் பேசினார். தன் ரொட்டியைப் பக்கத்தில் கிடந்தவனுக்குக் கொடுத்த மனிதர்களைப் பற்றி மூன்று பக்கம் வாசித்தே காட்டினார். எந்த நரகத்திலும் மனிதன் மனிதனாக இருக்கலாம், இலக்கியம் காட்ட வேண்டியது அதைத்தான் என்று முடித்தார். கை தட்டினோம். நானும் தட்டினேன்.

பின்வரிசையில் ஜெகநாதன் எழுந்தார். டூல் ரூம் ஃபிட்டர், ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. சங்கத்தில் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"ரொட்டியக் குடுத்தவங்க திரும்பி வந்து புஸ்தகம் எழுதுனாங்களா சார்?"

"நல்ல கேள்வி" என்றார் அனந்தராமன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காபி வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து ஜெகநாதன் நான் வேலை பார்த்த டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து ஒரு கட்டு ஜாப் கார்டுகளை நீட்டினார். தொழிற்சாலையில் வேலைக் கணக்கு எழுதும் அட்டைகள், வீணானவை. பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தார்.

"பத்திரிகைல போடணும்மா. திருமுல்கேரிக்கும் போகுமில்ல?"

போகும் என்றேன்.

அன்று மாலை படித்தேன். அவரும் லட்சுமணன் என்ற ஊர்க்காரனும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து மலேயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்கள். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து அவர்களை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். வேலை செய்கிறவனுக்கு முழுப் பங்குச் சோறு. படுத்தவனுக்கு அரைப் பங்கு, அதையும் கூட்டாளிதான் வாங்கிக் கொடுக்க வேண்டும். லட்சுமணன் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான். அதற்கு மேல் ஜெகநாதன் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம்.

"அவன் பங்கை மூன்று நாள் வாங்கினேன். மூன்று நாளும் நானே தின்றேன். அவன் உயிரோடு இருந்தான். பக்கத்தில் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை. நாலாம் நாள் செத்தான். எப்படியும் செத்திருப்பான் என்று எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது."

லட்சுமணனின் தங்கைதான் திருமுல்கேரியில் எங்கள் பத்திரிகை போகும் வீட்டுச் செல்லம்மா. ஊர் திரும்பிய ஜெகநாதன், அவள் அண்ணன் காய்ச்சலில் போனான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிறகு தானே முன்னின்று ராணுவ டிப்போவில் வேலை பார்த்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை விழுங்க முடியாமல்தான் எழுதியிருந்தார். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

அனந்தராமன் படித்தார். திருத்துகிற நீலப் பென்சிலை எடுத்தார்.

"பிரமாதமான மேட்டர். ஆனா முடிவு சரியில்லையே. குழந்தைகள், பொம்மனாட்டிகள் எல்லாம் படிக்கிற பத்திரிகை. இவர் தன் சோத்தையும் சேர்த்து அவனுக்கு ஊட்டறார், அவன் இவர் மடியில உயிரை விடறான். அப்படி மாத்திடு."

"அவர் அப்படி எழுதலையே சார்."

"அவர் ஃபிட்டர். நாம எடிட்டர். இந்த மனுஷனையும் காப்பாத்தின மாதிரி ஆச்சு. நாளைக்கு இவரை எவன் மதிப்பான்?"

என்ன கருணை! நாலு வேளையும் நெய்யும் தயிருமாகச் சாப்பிட்ட மனிதர், பட்டினி கிடந்தவன் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று திருத்துகிறார். அவர் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதைவிட என் மேல் கோபம். நான் மறுத்திருந்தால் வேலையா போயிருக்கும்? ஒன்றும் போயிருக்காது. ஆபீசர் சொன்னார் என்று உட்கார்ந்து, வரி கோணாமல், கறுப்பு மையில் எழுதினேன். ஜெகநாதனுக்காவது பசி. எனக்குப் பசிகூட இல்லை.

ஒரே பிரதி, சுற்றுக்குப் போயிற்று. வெற்றுத்தாள்கள் நிரம்பின. 'தியாகச் செம்மல்' என்று ஒருவர். 'ஜெகநாதன் சாரின் பாதம் தொட்டு வணங்குகிறேன்' என்று இன்னொருவர். பட்டியலில் ஜெகநாதன் வீடு கடைசி. செல்லம்மா வீடு அதற்கு இரண்டு வீடு முன்னால்.

அவருக்குப் பத்திரிகை வருவதற்குள் செல்லம்மாவே வந்துவிட்டாளாம். ஒரு தூக்குச் சட்டி நிறையக் கறிக்குழம்பு, ஒரு ஜோடி வேட்டி. வாசலிலேயே அவர் காலில் விழுந்திருக்கிறாள். 'எங்கண்ணனுக்கு ஊட்டிவிட்ட கையா இது' என்று கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதிருக்கிறாள்.

மறுநாள் அவர் என் ஜன்னலுக்கு வந்து நின்ற நிற்பு! கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"முப்பது வருஷமா ஒரு பொய்யத்தாம்மா சுமந்தேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னத் தெய்வமாக்கிட்டீங்களே. இனிமே நான் சொன்னாலும் தன்னடக்கம்னுதானே சொல்லுவா? நான் கேட்டனா, என்னக் காப்பாத்துங்கன்னு?"

ஜாப் கார்டுகள் என் மேஜை டிராயரில் இருந்தன. அனந்தராமன் கிழிக்கச் சொல்லியிருந்தார். அந்த ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை.

அந்த ஞாயிறு காலை பஸ் மாறித் திருமுல்கேரிக்குப் போனேன். கதவைத் திறந்த செல்லம்மாவின் மகள், "அம்மா, எவரோ வச்சாரு" என்று, யாரோ வந்திருப்பதாகத் தெலுங்கில் உள்ளே குரல் கொடுத்தாள். செல்லம்மா சிரித்த முகமாக வந்தாள். காபி போடப் போனவளை உட்கார வைத்துக் கார்டுகளைக் கையில் கொடுத்தேன். பத்திரிகையில் வந்தது பொய், எழுதியவள் நான், இதுதான் அவர் எழுதியது என்றேன்.

எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். கடைசி கார்டை இரண்டு முறை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கெளம்பு தாயி. அவரப் பாக்கணும்."

பாலாநகரில் இறங்கி அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. ஜெகநாதன் குழாயடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த கார்டுகளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை.

"கேக்கலைன்னு எழுதியிருக்கே. மூணு நாளு. பசிச்ச மனுசன். பக்கத்துல ஒருத்தன் அவன் சோத்தத் திங்கிறான். எங்கண்ணன் கேக்கவே இல்லையா?"

ஜெகநாதன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் மூடவில்லை.

"கேட்டான்" என்றார்.

"என்னன்னு?"

"ஒரு வாய் குடுறா ஜெகநாதான்னான். மூணு நாளும் கேட்டான். கடைசி நாளு சத்தம் வரல, வாய மட்டும் தொறந்து காட்டுனான்." கழுவிய சட்டியைக் கீழே வைத்தார். "அத மட்டும் எழுத முடியல செல்லம்மா. மத்ததெல்லாம் எழுதிட்டேன். அது மட்டும் வரல."

அனந்தராமனின் நீலப் பென்சிலுக்கு முன்பே இந்தக் கதையில் ஜெகநாதனின் பென்சிலே ஒரு திருத்தம் போட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் படித்த எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இவர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே எங்கள் புத்தி நின்றுவிட்டது. செத்தவன் என்ன சொன்னான் என்று அவன் தங்கை ஒருத்திதான் கேட்டாள்.

செல்லம்மா என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"பேனா வச்சிருக்கியா? எழுது. நீங்க ஆளாளுக்கு எழுதுனீங்களே, ஒருத்தராவது அவன் வாயத் தொறக்க விட்டீங்களா? ஊமையாவா செத்தான் எங்கண்ணன்? கேட்டான்னு எழுது. ஒரு வாய் குடுன்னு மூணு நாளு கேட்டான்னு எழுது. இந்த ஆள என்ன செய்யிறதுன்னு அப்பறம் நான் பாத்துக்கறேன்."