சீல் வைத்த அடுப்படி

ஊசி என்றால் எல்ஸிக்குப் பாதி உயிர் போய்விடும். சபையில் யாருக்கும் இது தெரியாது. கட்டிய புருஷன் செபாஸ்டியனுக்கு மட்டும் தெரியும், அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது அவர்களுடைய சபை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்பக்கத்து அடுப்படியில் எல்ஸி சோறாக்கிப் பொட்டலம் கட்டுவாள். பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் என்று பிழைக்கப் போய்விட, தோட்டத்தின் பழைய லய வீடுகளிலேயே தங்கிவிட்ட வயதானவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் இந்துக்கள்தான் அதிகம். பசிக்கு ஏது மதம்? சிலருக்கு வாரத்தில் கறியும் குழம்புமாகக் கிடைப்பது அந்த ஒரு பொட்டலம்தான். அதில் எல்ஸிக்குப் பெருமை, கொஞ்சம் கூடுதலாகவே பெருமை. கரண்டியை வேறு யாரும் தொட விடமாட்டாள்.

சமைத்துப் பரிமாறுகிறவர்கள் தைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சுகாதார இலாகாவிலிருந்து சரளா என்ற இளம் அதிகாரி வந்து நல்லவிதமாகத்தான் சொன்னாள். அடுத்த மாதமும் வந்து சொன்னாள். சுத்தத்தைப் பற்றிய வகுப்புக்கு எல்ஸி போனாள், அங்கே சாப்பிடக் கொடுத்த மீகூன் சேமியாவில் உப்பில்லை என்று குறையும் சொல்லிவிட்டு வந்தாள். ஊசிக்கு மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை சரளா மறுபடியும் வந்து, அடுப்படிக் கதவில் மஞ்சள் நாடாவை ஒட்டி சீல் வைத்துவிட்டாள்.

"ரெண்டு வாரத்துக்குத் திறக்கக் கூடாது, ஆன்ட்டி. ஊசி போட்டுட்டு கார்டைக் காட்டுங்க, நானே வந்து திறந்து விடுறேன். அதுக்குள்ள நீங்களா பிரிச்சா கேஸாயிடும் லா. அப்புறம் இந்தக் கிச்சனை அடியோட மூடிடுவாங்க."

"பசிச்சு வர்றவங்களுக்கு நீயா பதில் சொல்லுவ?"

"எல்லாரும் வயசானவங்க, ஆன்ட்டி. சாப்பாட்டால அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

நேற்று முளைத்த காளான் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டதா என்று எல்ஸிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சனிக்கிழமை வழக்கம்போலக் கோழி வாங்கி, கழுவி மஞ்சள் தடவி வைத்தாள். பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அது எதுக்கு?" என்றார் செபாஸ்டியன்.

"நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் அந்த நாடாவ வெட்டப் போறேன். பசிச்சவங்களுக்குச் சோறு போடச் சொன்னது ஆண்டவர். மனுசங்க பேச்சவிட ஆண்டவர் பேச்சத்தான் கேக்கணும்."

"ஆளுறவங்களுக்கு அடங்கி நடக்கணும்னு அதே வேதத்துல இருக்கே."

"சோறு போடாதேன்னு சொல்றவங்களுக்குமா?"

செபாஸ்டியன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர், அவசரப்பட்டுப் பேசமாட்டார். "அந்தப் பொண்ணு சோறு போடாதேன்னு சொல்லல, எல்ஸி. ஊசி போட்டுட்டுப் போடுன்னுதான் சொல்லுச்சு. நீ ஆண்டவருக்குப் பயந்து சட்டத்த மீறுறியா, ஊசிக்குப் பயந்து மீறுறியா? அத மட்டும் சொல்லிடு. நாடாவ நானே புடிச்சிக்கிறேன், நீ வெட்டு."

அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்ததே பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கான ஜெபத்தை ஏறெடுப்பது எல்ஸியின் முறை. மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினாள். கைப்பை தோளில் கனத்தது. அந்தச் சபையில் ஒவ்வொரு வாரமும் நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபிப்பது வழக்கம். மாமன்னருக்காக ஜெபித்தாள், பேரா மாநில சுல்தானுக்காக ஜெபித்தாள், பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும் ஞானம் கேட்டாள். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மாமன்னருக்காக ஜெபிப்பதில் என்ன கஷ்டம்? அவர் வந்து யார் அடுப்படிக்கும் சீல் வைக்கப்போவதில்லை.

"எங்கள் மேல் அதிகாரமுள்ள சகல உத்தியோகஸ்தர்களுக்காகவும்..." என்றவள் அதோடு நின்றுவிட்டாள்.

மூடிய கண்ணுக்குள் சரளா வந்து நின்றாள். அவளை ஆசீர்வதியும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதைத் தாண்டிப் போகவும் மனம் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பொய் சொல்லும் துணிச்சல் எல்ஸிக்கு என்றைக்குமே இருந்ததில்லை. கீபோர்டில் இருந்த மகன் எரிக், அம்மாவுக்கு மயக்கமோ என்று எட்டிப் பார்த்தான்.

"ஆண்டவரே," என்றாள் எல்ஸி. ஜெபத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. "சரளாங்கிற அந்தப் புள்ள நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல. எனக்கு ஊசின்னா பயம். அத மறைக்கத்தான் உங்க பேர இழுத்தேன். என்னை மன்னிச்சிருங்க. அந்தப் புள்ளய நல்லா வைங்க."

எல்ஸிக்கு அழுகை வந்தது, ஆனால் வெளியே பொட்டலத்துக்குக் காத்திருப்பவர்களும் நினைவுக்கு வந்தார்கள். "இன்னிக்கு அடுப்படி கிடையாது, ஆண்டவரே. ஆனா எங்க எல்லாருக்கும் வீடு இருக்கு, வீட்டுல சோறு இருக்கு. இங்க இருக்கிறவங்க வீட்டுக்கு ஒருத்தரக் கூட்டிட்டுப் போகணும். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

பின்வரிசையிலிருந்து முதல் குரல் ஆட்ரியுடையது. நர்ஸ் வேலை பார்க்கிறவள். "வெளிய நிக்கிற வீரம்மாக்காவ நான் கூட்டிட்டுப் போறேன், ஆன்ட்டி. நாளைக்குக் கிளினிக்குக்கு உங்களயும் நான்தான் கூட்டிட்டுப் போவேன்." சிரிப்பு எழுந்தது. அதோடு அங்கங்கே கைகளும் எழுந்தன. எல்ஸி ஆமென் சொன்னாள்.

இராமசாமி எல்ஸியின் வீட்டுக்கு வந்தார். ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்து லயத்தில் இருப்பவர், இப்போது தனி ஆள். பல வருடமாக அவளிடம் பொட்டலம் வாங்குகிறார், உட்கார்ந்து சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. கோழித் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"கறி நல்லால்லயாண்ணே?"

"வீட்டுக்காரி போனதுலேர்ந்து நான் கவுச்சி சாப்புடுறதில்ல, தங்கச்சி."

"அப்ப இத்தன வருசமா நான் குடுத்த கோழி?"

"பக்கத்து லயத்துப் பூனைக்கு." அவர் கூச்சத்தோடு சிரித்தார். "குடுக்கிற கைகிட்ட போய்க் குறை சொல்றதா?"

எல்ஸி எழுந்தாள். சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு அப்பளம் பொரித்து எடுத்து வந்தாள்.

மறுநாள் ஊசி போட்டாயிற்று. எறும்புக்கடிதான். இதற்காகவா இத்தனை நாள் நடுங்கினோம் என்று வெட்கமாக இருந்தது.

கெடு முடிந்த வெள்ளிக்கிழமை சரளா வந்தாள். கார்டைப் பார்த்துத் தலையாட்டினாள். நாடாவை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள், வரவில்லை. எல்ஸி கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை நீட்டினாள்.

"இதையா பையில வச்சிக்கிட்டுச் சுத்துறீங்க?"

"அது பெரிய கதைம்மா. நீ வெட்டு."

சரளா வெட்டினாள். கதவு திறந்தது. "ஞாயித்துக்கிழமை எத்தன பேருக்குச் சமைக்கப் போறீங்க, ஆன்ட்டி?"

"தெரியல. கூட்டிட்டுப் போனவங்க திருப்பி விட மாட்டேங்கறாங்க. வீரம்மாக்கா இப்ப ஆட்ரி வீட்டு ஆளு. லயத்துல இன்னும் சில பேரு வெக்கப்பட்டு வராம இருக்காங்களாம். இனிமே அவங்களத்தான் கூப்பிடணும். என்ன சாப்புடுவீங்கன்னு முதல்ல கேட்டுக்கணும்."

சரளா கிளம்பவில்லை. "சபையில எனக்காக ஜெபிச்சீங்களாம். ஆட்ரி சொன்னாங்க."

"ஆமா. மாமன்னரு, சுல்தான், மந்திரிங்க, அப்புறம் நீ. இந்த ஞாயித்துக்கிழமையும் உண்டு."

"போற இடமெல்லாம் திட்டுதான் வாங்கியிருக்கேன், ஆன்ட்டி," என்ற சரளாவின் கண் கலங்கியது.

"நானும் மொதல்ல திட்டத்தாம்மா செஞ்சேன்," என்றாள் எல்ஸி. கத்தரிக்கோலைத் திரும்ப வாங்கி, அதைக் கொண்டே அரிசி மூட்டையின் தையலைப் பிரித்தாள்.