நாலாவது ஜாக்கி

டோரீன் டிரெய்லர் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முழங்கையை ஊன்றி உள்ளே நகர்ந்தாள். பாலைவனத்துச் சரளைக்கல் முதுகில் குத்தியது. வண்டி ஆடாமல் பிடித்துக்கொள்ள மூலைக்கொன்றாக நான்கு கரண்ட் ஜாக்கிகள். ஸ்விட்சை அழுத்தினால் தானே இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்ளும். மூன்று நாள் முன் இங்கே வந்து நிறுத்தியபோது மூன்று ஊன்றிவிட்டன. பின்பக்க இடது ஜாக்கி மட்டும் அன்றிலிருந்து அந்தரத்தில் நின்றது. மோட்டார் செத்துவிட்டது.

மேலே அவள் கணவர் ஹார்லன் முனகினார். எலும்பெல்லாம் புற்று. உள்ளே யார் நடந்தாலும் வண்டி ஆடியது. ஆடினால் அவருக்கு உயிர் போய் வந்தது. வலி மருந்தும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் படுக்கப் பயந்து, டோரீன் மூன்று நாளாக வாசலில் மடக்கு நாற்காலியில்தான் தூங்கினாள்.

“வெளிய வாம்மா,” குனிந்து கூப்பிட்டான், காலையில் ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்த மகன் ராஸ். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். ஒரு மணி நேரத்துல வந்துடும்.”

“ஆஸ்பத்திரி வேணாம்னு உங்கப்பா சொல்லிட்டார்ல? இருபத்திரண்டு குளிர்காலம் இங்க வந்து, ஜன்னல்ல தெரியுற அந்த மலையப் பாத்துக் கண்ணு முழிச்ச மனுஷன்டா.”

“அவர் துடிக்கிறத என்னால பாக்க முடியல. இதெல்லாம் அப்பா செய்ற வேலை. நீ ஒரு தடவையாவது தொட்டிருக்கியா?”

“இல்ல. அந்தச் சுத்துற கம்பிய எடுத்துக் குடு.”

மோட்டாரின் முனையில் இருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கிக் கம்பியைச் சொருகிச் சுற்றினாள். ஜாக்கி இறங்கியது. தரையைத் தொட்டதும் பொலபொலத்த மண்ணுக்குள் புதைந்தது.

“அதான் சொன்னேன்,” என்றான் ராஸ்.

“வாய மூடிட்டு ரெண்டு பலகை கொண்டா.”

ஜாக்கியை மறுபடி ஏற்றினாள். இளகிய மண்ணைக் கையாலேயே வாரித் தள்ளினாள், நகத்தில் கெட்டித் தரை தட்டும்வரை. பலகைகளை அடுக்கிச் சுற்றினாள். தோள் எரிந்தது. கடைசிச் சுற்றில் வண்டியின் சட்டம் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

“இப்ப உள்ள போய் நட.”

ராஸ் நூற்று முப்பது கிலோ. பூனை மாதிரி ஏறினான்.

“நல்லா நடடா!”

காலடி கட்டில்வரை போனது, திரும்பியது, மறுபடி போனது. டோரீன் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். முனகல் வரவில்லை.

ராஸ் இறங்கி வந்து மண்டியிட்டான். “தூங்குறார்மா.” அப்படியே போனை எடுத்து, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொன்னான்.

மதியம் ஹார்லன் கண் விழித்தபோது டோரீன் அவர் பக்கத்தில் படுத்திருந்தாள்.

“வண்டி ஆடலியே. யாரு ஜாக்கி போட்டது, டோரி?”

“நான்தான்.”

“பின்னாடி மண்ணு இளகலாச்சே?”

“தோண்டிப் பலகை வச்சேன்.”

அவர் சிரித்தார். “நாப்பது வருஷமா இதுக்கு என்னையே குனிய வச்சிட்டியேடி.”

“உங்களுக்குத்தான் அதுல பெருமை தாங்காதே, அதான் விட்டேன்.”

அவளும் சிரித்தாள். இருவரும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றரை மணிக்கு அவள் கைக்குள் இருந்த அவர் கை கனத்தது; மூச்சு நின்றிருந்தது. அவள் அவசரப்பட்டு எழுந்திருக்கவில்லை.

மாலையில் பக்கத்து வண்டி மில்ட்ரெட் சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து நீட்டினாள். டோரீன் தட்டை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கிரீஸ் அப்பிய விரல்களாலேயே ரொட்டியைப் பிட்டு, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.