குட்டியானைப் பைகள்

சோலைராஜ் கடைசிப் பையையும் கொக்கியிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு குட்டியானை வண்டியிலிருந்து இறங்கினார். கிணற்று மோட்டார் பழுதுபார்க்க ஊர் ஊராகப் போகும் வண்டி அது. நேராகப் போய், பாடையில் கிடந்த தம்பி உக்கிரபாண்டியின் தலைமாட்டில் பைகளை அடுக்கினார். ஸ்பேனர் பை, டெஸ்டர் பை, குறடுப் பை. மாலைகளுக்கு நடுவே, பட்டறையிலிருந்து துஷ்டிக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி அவை உட்கார்ந்திருந்தன.

பிறகு மைக்கைத் தட்டிப் பார்த்தார். மோட்டார் பழுதுநீக்குவோர் சங்கத்துக்குத் தலைவர். பந்தலில் கட்டிய பேனரில் தம்பி படம் மூலையிலும் அவர் படம் நடுவிலுமாக இருந்ததால், வந்தவர்கள் மாலையை யாருக்குப் போடுவதென்று ஒரு கணம் தயங்கித்தான் போனார்கள்.

“என் தம்பி வண்டியையே கோவிலாக வைத்திருந்தவன்! சுவரெல்லாம் பலகை, பலகையெல்லாம் பை! தன் கையாலே தைத்த அந்தப் பைகள் அவனோடு குழிக்குள் போவதே ஒரு தொழிலாளிக்கு நாம் செய்யும் மரியாதை!”

வாய்க்கரிசி போட வரிசையில் நின்ற கூட்டம் உச்சுக்கொட்டியது. செல்போன்கள் உயர்ந்தன.

உக்கிரபாண்டியின் மனைவி இசக்கிச்செல்விக்கு அதுவரை அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை, கோபம்தான் வந்தது. நேற்று இடைசெவலில் கிணற்றுமேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவள் புருஷன் ஊசியில் நூல் கோத்ததை ஊரில் யார் பார்த்தது? பழைய தார்ப்பாயை வெட்டித் தைத்தது அவள். தகரப் பலகையில் ஓட்டை போட்டு, வேலைக்குத் தக்கபடி கழற்றி மாட்டக் கொக்கி வைத்தது அவள். அவன் ஸ்பேனரைக் கிணற்றடியில் போட்டுவிட்டு வீட்டில் தேடுகிறவன். யாராவது வண்டிக்குள் எட்டிப் பார்த்து வியந்தால் மட்டும், “எல்லாம் நம்ம ஏற்பாடுதான்” என்று மீசையைத் தடவிக்கொள்வான். கூடவே வேலைக்குப் போகும் அவளும் பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பழைய கோபமும் இப்போது சேர்ந்துகொண்டது. செத்தவனை நிறுத்தி வைத்துக் கேட்கவா முடியும்?

எழுந்து போய் ஸ்பேனர் பையைத் தூக்கினாள்.

“ஏட்டி, பாடையில வச்சத எடுக்கக் கூடாதுட்டி!” அத்தைக்காரி சொர்ணத்தாய் பதறினாள்.

“அவிய அங்கன போயி யாரு வீட்டு மோட்டாரப் பாக்கப் போறாவ? நாளைக்கு வேலைக்கு நான் எதக் கொண்டு போவேன்?”

சோலைராஜ் மைக்கை அணைக்க மறந்து குனிந்தார். “இசக்கி, வீடியோ ஓடுது. மரியாதையக் கெடுத்துராத.”

தெரு முழுக்கக் கேட்டது.

“ஓடட்டும் அத்தான். தம்பிக்கு மரியாதைன்னா, உங்க மோட்டார்க் கடையில இருக்குத புது மிஷினக் கொண்டாந்து குழியில போடுங்க. நான் மறிக்கல.”

இதையும் மைக் விடவில்லை. பின்னால் யாரோ சிரித்துவிட்டு, சமாளிக்க இருமினார்கள்.

“பொம்பள, நீ வண்டிய வச்சு என்ன செய்யப்போற?” என்றார் சோலைராஜ்.

“இத்தன நாளும் என்ன செஞ்சேனோ, அத.”

எல்லாப் பைகளையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். சோலைராஜ் மைக்கில் “காலத்தின் அருமை கருதி” என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை ஓடினார்கள். அவள் போகவில்லை. ஒவ்வொரு பையாக அதனதன் கொக்கியில் மாட்டினாள்.

குறடுப் பையைச் சரித்தபோது உள்ளே சரசரவென்றது. வாய்க்கரிசி. பேச்சு நடக்கையில் வரிசையாக வந்தவர்களின் கையிலிருந்து அவன் வாய்க்குப் போகாமல் சிந்தியது, குறடுகளின் இடுக்கில் கிடந்தது. கொட்டுவதற்காகப் பையைக் கவிழ்க்கப் போனாள்.

மேளம் தெருமுனையில் திரும்பியது.

பையின் வாயை மடித்து, அப்படியே கொக்கியில் மாட்டினாள்.