கசங்கல்

இஸ்திரிப்பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக் கரிக் கங்குகளை ஊதிக்கொண்டிருந்தார் இஸ்திரிக்காரர். சாம்பல் பறந்து புருவத்தில் ஒட்டியது.

"இன்னைக்குமா கரியைப் பத்த வெக்கணும்? பாக்குறவங்க என்ன பேசுவாங்க?" எதிர்க்கடைத் தையல்காரர் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அந்தத் தம்பி சட்டையைப் பாத்தியா? ராத்திரி பூரா லாரியில உக்காந்தே வந்திருக்கு. இப்படியே நின்னு என் பிள்ளைக்கு சல்யூட் அடிக்கணுமா?"

தையல்காரர் உள்ளே வந்து, மேசைமேல் கிடந்த ஊரார் துணி மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

எல்லையில் நடந்த சண்டையில் இறந்த மகனின் உடல் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். அவனோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிப்பாயை முன்னால் அனுப்பியிருந்தார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. அதில் ஒரு முக்காலிமேல், பனியனும் இடுப்பில் இரவல் துண்டுமாக அவன் உட்கார்ந்திருந்தான். கையில் இருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் மகனுடைய நீலச் சட்டை. போன விடுப்பில் அவன் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனது.

"இதை அவன்கூட வெச்சு அனுப்பலாம். தேய்ச்சுக் குடுங்க. ஊர் துணியெல்லாம் தேய்ச்சீங்க. ஒரு தடவையாவது ஒழுங்கா உடுத்திக்கிட்டுப் போகட்டும்."

மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மகனுக்கு அவர் வைத்த பட்டப்பேர் கசங்கல். வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கப் பெட்டி சூடாக இருந்தாலும் அவன் சட்டை மட்டும் மாடு மென்று துப்பியது மாதிரி இருக்கும். பெட்டியைத் தொடு என்றால் தொடமாட்டான். இந்த மேசைக்கடியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான்; எழுதுகிறானா வேடிக்கை பார்க்கிறானா என்று தெரியாது. ராணுவத்தில் சேர்ந்த அன்று சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்பாடா, இனி இந்தக் கரிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லப்பா."

அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நம் பிழைப்பைப் பார்த்துக் கூசித்தான் போனானோ? பெட்டியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். அடுத்த விடுப்பில் வரட்டும், விளையாட்டாகக் கேட்டுவிடலாம் என்று இருந்தார். இனி யாரிடம் கேட்பது?

சிப்பாயின் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். பெட்டியின் அடியை ஈரத்துணியில் இழுத்துச் சூடு பார்த்தார்.

"தம்பி, அவன் அங்க வீட்டைப் பத்திப் பேசுவானா?"

சிப்பாய் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். காலரின் ஒரு முனையில் தொடங்கிய பெட்டி நடுவுக்கு வந்து நின்றது. பிறகு அடுத்த முனையிலிருந்து நடுவுக்கு.

"அவனும் இப்படித்தாம்பா தேய்ப்பான்."

பெட்டி நின்றது.

"யாரு?"

"நடுவுல ஆரம்பிச்சா முனை சுருங்கிடும்டா மடையான்னு என் கையில தட்டுவான். எங்க கூட்டத்துல அவனுக்குப் பேரே இஸ்திரிதான். பெட்டி இல்லாத இடத்துல தகரக் குவளையில நெருப்பள்ளிப் போட்டுத் தேய்ச்சுக் குடுப்பான். அதுக்குக் கூலியா எங்க பங்கு ரொட்டியைத் தின்னுடுவான், களவாணி."

"நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே இல்லையே."

"தெரியலப்பா. ஆனா ஒண்ணு. ஊருக்கெல்லாம் தேய்ப்பான், அவன் சட்டை மட்டும் கசங்கியே கிடக்கும். அதிகாரிகிட்ட எத்தனை திட்டு. ஏன்டான்னு கேட்டா, எங்க வீட்டு வழக்கம் அப்படிம்பான்."

இஸ்திரிக்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது, கை சுருண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மனைவி சிரித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. அது பாதியிலேயே வேறாக மாறியது.

உள்ளங்கையால் தன் காலரை நீவிவிட்டுக்கொண்டார். மறுபடி பெட்டியைத் தூக்கியபோது பெட்டி கனத்தது. சிப்பாயின் சட்டைக்கையை இரண்டு பக்கமும் தேய்த்தார். கால்சட்டைக்குக் கத்திபோல மடிப்பு வைத்தார். சிப்பாய் உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினான்.

நீலச் சட்டை மிச்சம் இருந்தது.

விரித்தார். கிண்ணத்தில் கைவிட்டுத் தண்ணீரை அள்ளினார். சட்டையின் முழங்கையில், மகன் கையை மடக்கி மடக்கி விழுந்த சுருக்கம் அப்படியே இருந்தது. விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. பிறகு கையைத் தரையில் உதறிவிட்டு வேட்டியில் துடைத்தார். சட்டையை அழுத்தாமல் இரண்டாக மடித்து உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. தையல்காரர் தன் இயந்திரத்தை மூடிவிட்டு எழுந்து நின்றார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தாங்கியில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

வண்டி நின்றது. சிப்பாய் விறைப்பாக நின்று கையை உயர்த்தினான். சற்றுமுன் தேய்த்த அந்தச் சட்டைக்கையில், முழங்கை மடங்கிய இடத்தில், புதிதாக ஒரு சுருக்கம் விழுந்தது.